மகதலேனாளின் கன்னத்து நிழல்

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். நேப்பிள்ஸில் பதினெட்டு வருடமாகப் பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்து பிழைப்பவள் நான். கண்டதைத்தான் சொல்கிறேன்.

அந்தச் சின்னக் கிறிஸ்தவக் கோயிலில் இருந்தது புனித மகதலேனாள் ஓவியம். நானூறு வருடப் பழசு. சுற்றிலும் கன்னங்கரிய இருட்டு; முகத்தில் மட்டும் இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம். அந்த ஓவியர், படம் மாட்டப்போகும் இடத்துக்குப் பக்கத்துச் சன்னலைப் பார்த்துத்தான் வெளிச்சத்தைத் தீட்டியிருந்தார். எனவே நானும் விளக்கை அணைத்துவிட்டு, இடப்பக்கத்து உயரச் சன்னலின் வெளிச்சத்திலேயே வேலை பார்த்தேன். என் பழக்கம் அது.

மூன்றாம் நாள், மதியம் 2.50. வெளிச்சம் விழும் கன்னத்தில் ஒரு கறை. நேற்று அது இல்லை.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை அனியெல்லோ மேல்தான் சந்தேகம் வந்தது. முதல் நாளிலிருந்தே மனுஷன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மெழுகுவர்த்திப் புகையைக் காட்டிவிட்டாரோ? படத்துக்கு ஏதாவது ஆனால் என் தலைதான் உருளும். பிழைப்பே போய்விடும்.

பஞ்சை நனைத்துத் துடைத்தேன். பழுப்பாக வந்தது. அழுக்குதான். இன்னொரு பஞ்சு... இன்னொன்று...

3.10. கறை நகர்ந்தது.

சன்னலில் யாரோ நிற்கிறார்கள்... இது அந்த ஆளின் நிழல்!

திரும்பிப் பார்க்காமலே கத்தினேன்.

"அனியெல்லோ! அங்க ஏறி நின்னு என்ன விளையாட்டு?"

பதில் வலப்பக்கக் கதவிலிருந்து வந்தது.

"நான் இங்கதானே இருக்கேன்! ஏம்மா, மூணு நாளா கேக்கணும்னு இருக்கேன்... உங்களுக்கென்ன பூனைக் கண்ணா? இந்தக் கும்மிருட்டுல எப்படி வேலை பாக்கறீங்க?"

"சன்னல் இருக்கே."

"எந்தச் சன்னலு? அத எங்க தாத்தா காலத்துலயே செங்கல் வச்சு அடைச்சாச்சே!"

டார்ச் அடித்தார்.

இடப்பக்கம்... முழுச் சுவர்.

துடைத்த பஞ்சைப் போட்டிருந்த கிண்ணத்தைப் பார்த்தேன். பஞ்சில் பழுப்பே இல்லை. எல்லாம் ரோஜா நிறம். கன்னத்தையே அழித்துவிட்டேன்! அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

படமும் பஞ்சும் ஆய்வுக்கூடத்துக்குப் போயின. பதினோரு நாள் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழன் காலை 9.25. ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் என் தோழி ஃபுல்வியா போன் செய்தாள்.

"அழாதடி நுன்சியா. படத்துல ஒரு பொட்டு வண்ணம்கூடப் போகல."

உயிர் வந்தது.

"அப்ப... பஞ்சுல இருந்தது?"

அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"மனுசத் தோலுடி."