மேஜையை விட்டு அகலாதவர்

என் வீட்டுக்காரருக்குத் துணித் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர் வேலை. நூறு அடுக்குத் துணியை மேஜைமேல் விரித்து, கரன்ட் கத்தியை ஒரே ஓட்டமாக ஓட்டுவார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு சட்டைக்கை கூடக் கோணலாகப் போனதில்லையாம். அந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டே என் காது புளித்துவிட்டது.

கத்தியோடு பிழைக்கிற மனிதருக்குத் தன் உடம்பில் கத்தி படுவதென்றால் மட்டும் குலை நடுங்கும். சாப்பிட்டதும் வலது விலாவில் வலி வந்தது. ஸ்கேனில் பித்தப்பையில் கல். பையையே எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். இவர் முடியவே முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றார்.

வெளியிலிருந்தே அதிர்வலை பாய்ச்சிக் கல்லை உடைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. எல்லோருக்கும் இது ஒத்துவராது, இவருக்குச் சின்னதாக ஒரே கல், அதனால் செய்யலாம் என்றார். ஆனால் உடைப்பது பாதி வேலைதான். தூள் கரைய மாதக்கணக்கில் மாத்திரை போட வேண்டும். மாத்திரையை நிறுத்தி, ஒரு துண்டு போய்ப் பித்தக் குழாயை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. இரண்டு தடவை சொன்னார்.

கல் உடைந்தது. கத்தியுமில்லை ரத்தமுமில்லை என்று தொழிற்சாலை முழுக்கத் தம்பட்டம் அடித்தார். மதிய மாத்திரையை நான் தினமும் காகிதத்தில் மடித்துச் சாப்பாட்டு டப்பாவோடு வைத்தேன். சாயங்காலம் கேட்டால், போட்டாச்சு என்பார்.

ஐந்தாம் மாதம் கண் மஞ்சளித்தது. குளிர் ஜுரத்தில் கட்டில் ஆடியது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அவருக்கு ஒரு தலையணை அடைத்து எடுத்துப்போக வீட்டுக்கு வந்தேன். வெட்டி மிஞ்சி மேஜையடியில் சேரும் துணியை அவர் மூட்டையாகக் கொண்டுவருவார். அதைத்தான் நான் தலையணைக்கு அடைப்பது. மூட்டையில் கையை விட்டால், மாத்திரையோடு பிரிக்காமலே கிடந்தன என் காகித மடிப்புகள். ஒன்றிரண்டல்ல, மடி நிறைய. எனக்கு உச்சந்தலைவரை எரிந்தது.

தலையணையை எடுக்கவில்லை. மடிப்புகளைக் கொண்டுபோய் அவர் நெஞ்சில் கொட்டினேன்.

"அதப் போட்டா வயித்தால போகுது. கத்தி ஓட ஆரம்பிச்சா நடுவுல விட்டுட்டுப் போக முடியாது. அடுக்கு நகர்ந்துடும்."

"அடுக்கு நகர்ந்தா வேற துணி இருக்கு. நீங்க ஒரேயடியா விட்டுட்டுப் போயிட்டா எனக்கு யாரு இருக்கா?"

குழாயை அடைத்த துண்டை உடனே எடுக்க வேண்டும், பிறகு பித்தப்பையையும் அறுத்து எடுக்க வேண்டும் என்று நர்ஸ் சம்மதக் காகிதத்தை நீட்டினார். இவர் மெதுவாக, இன்னொரு தடவை அந்த அதிர்வலையையே வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். கேட்க வாய் வந்ததே!

பேனாவை எடுத்து அவர் விரல்களுக்கு நடுவில் திணித்தேன். கையெழுத்துப் போட்டார். கோட்டை விட்டு இறங்கி, முழுக்கக் கோணலாகப் போனது. அதைப் பார்த்தும் என் கோபம் தணியவில்லை. ஆனால் அந்தக் கையை நான் விடவுமில்லை.