ரெஹல் என்றால் சேணம்

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டு மறியல் நடந்த வருடம். என் மடியில் ஐந்து மாதக் குழந்தை, தலைக்கு மேல் ஆசிரியர் பயிற்சிப் பரீட்சை. கள்ளக்குறிச்சியில் ஒரு மளிகைக்கடை பாயின் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தோம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வர வேண்டிய அம்மாவுக்குக் கச்சிராயபாளையத்திலிருந்து பஸ் இல்லை. வேலைக்குப் போன கணவர் வெள்ளிமலையிலேயே மாட்டிக்கொண்டார். இந்தத் தடவை தவறினால் படிப்பை மூட்டை கட்டிவிட வேண்டும் என்று மாமியார் முன்பே சொல்லியிருந்தார்.

குழந்தையைக் கீழே விட்டால் அழும். இரண்டு கையும் அதற்கே சரியாகப் போனது. தரையில் விரித்த புத்தகத்தைக் காற்றுதான் புரட்டிப் படித்துக்கொண்டிருந்தது.

பாயின் மனைவியை அக்கா என்பேன். எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும். என் அவஸ்தையைப் பார்த்துவிட்டு ஒரு மடக்குப் பலகையைக் கொண்டுவந்து விரித்தார். குர்ஆன் வைத்து ஓதுகிற பலகை; அவருடைய கல்யாணச் சீரில் வந்தது.

"ஐயோ, வேணாங்க்கா. நீங்க ஓதுறதுல என் புக்க வெக்கலாமா?"

"நான் ஓதறதுக்கு வேற இருக்குது, இது சும்மாதான் கெடக்குது. ரெஹல்னா இன்னான்னு நெனச்ச? அரபில ஒட்டகத்து மேல போடற சேணமாம். எங்க அத்தா சொல்லுவாரு. தூரம் போறவங்களுக்குத்தானே சேணம்? நீ ஏறிக்கினு போ."

ஏறினேன். குழந்தை பால் குடிக்க, எதிரே புத்தகம் நிமிர்ந்து நிற்க, உளவியல் முழுவதையும் அப்படித்தான் முடித்தேன்.

மறியல் ஓய்ந்து, பரீட்சைக்குக் கிளம்பிய காலையில், கை தன் போக்கில் போய் அந்தப் பலகைக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டது. ஏருக்கும் அரிவாளுக்கும் பொட்டு வைத்துப் பழகிய கை. வைத்த பிறகுதான் திக்கென்றது. துடைத்தேன், கழுவினேன், பூவேலைப் பள்ளங்களில் சிவப்பு ஒட்டிக்கொண்டு போகவே மாட்டேன் என்றது.

பாஸானது தெரிந்த அன்று பலகையைத் திருப்பிக் கொடுத்து, நடந்ததையும் சொன்னேன். அக்கா அந்தச் சிவப்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"பொங்கலுக்கு மாட்டுக்குப் பொட்டு வெப்பீங்கன்னு தெரியும். ஒட்டகத்துக்குமா வெச்ச?"

அவர் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இனி அந்தப் பலகை பரண்மேல்தான் போகும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை குழம்பு கொடுக்கப் போனபோது அக்கா ஓதிக்கொண்டிருந்தார். அவர் வழக்கமாக ஓதுகிற பலகை மடித்தபடி சுவரோரம் சாய்ந்திருந்தது. குர்ஆன், நான் படித்த பலகையில் இருந்தது.