எடை தாங்காத விசை

துப்பாக்கிக் கழகத்தில் அவரை எல்லோரும் 'தராசு' என்றே கூப்பிட்டார்கள். போட்டிகளில் ராணுவத் துப்பாக்கிப் பிரிவில் சுடுகிறவர்கள் முதலில் அவருடைய மேசைக்கு வந்தாக வேண்டும். ராணுவம் எப்படிக் கொடுத்ததோ அப்படியே துப்பாக்கி இருக்க வேண்டும் என்பது விதி. கட்டையைச் செதுக்கக் கூடாது, விசையை இளக்கக் கூடாது. குண்டில்லாத துப்பாக்கியின் குழலை மேல்நோக்கிப் பிடித்து, இரும்பு எடையை விசையில் மாட்டித் தூக்குவார். எடை கூடவே எழுந்தால் துப்பாக்கி தேறியதென்று சீட்டு ஒட்டுவார். 'டக்' என்று விசை விடுபட்டால் எந்த மாற்றமும் செய்துகொள்ளலாம் என்கிற திறந்த பிரிவுக்குப் போக வேண்டியதுதான்.

மனைவி இறந்தபின் அவர் வீட்டுக்கு வரும் ஒரே ஆள் அவளுடைய அண்ணன். போட்டி முடிந்ததும் இருவரும் சேர்ந்து நடந்து வருவார்கள். மச்சான் சமையல் மேடையில் சாய்ந்துகொண்டு குறியைக் கெடுத்த காற்றைத் திட்டுவார், பிறகு டீயைத் திட்டுவார். மற்ற நாட்களில் அந்த வீட்டில் குழாய் சொட்டுவதுதான் பேச்சு.

அன்று மச்சானின் துப்பாக்கியைத் தூக்கினார். டக்.

"என்ன மாப்ள, காலைல சாப்பிடலயா? கை ஆடுது."

"கை இல்ல மச்சான், விசை."

வரிசையில் சிரித்தார்கள். மறுபடி தூக்கினார். டக். மூன்றாவதான கடைசி வாய்ப்பில், குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கினார். அப்போதும் டக்.

மச்சான் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "விரல் மடங்க மாட்டேங்குதுடா. ஸ்பிரிங்க நான்தான் கொஞ்சம் வெட்டினேன். பாக்காத மாதிரி சீட்ட ஒட்டிரு."

"திறந்த பிரிவுல சுடுங்களேன்."

"டெலஸ்கோப் வச்சிருக்கிறவன் பக்கத்துல நான் என்னத்தச் சுட? தங்கச்சி இருந்திருந்தா உன்ன நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டிருப்பா."

"கேட்டிருப்பா. உங்களையும் கேட்டிருப்பா."

தராசு சீட்டு ஒட்டவில்லை. அதை நேர்மை என்று புகழ அவருக்கே தோன்றவில்லை. பாதி பழக்கம். ஒருவரை விட்டால் அதுவரை திருப்பியனுப்பிய அத்தனை முகங்களும் மேசைக்கு வந்து நிற்குமே என்ற பயம் மீதி.

மச்சான் சுடாமலே போய்விட்டார். தராசு தனியாக வீட்டுக்கு நடந்தார். டீ போடவில்லை. திட்டுவதற்கு ஆளில்லாத டீயைப் போட்டு என்ன செய்வது?

அடுத்த போட்டிக்கு மச்சான் வந்தார். பழைய அளவு ஸ்பிரிங்கே போட்டிருந்தது. எடை எழுந்தது, நின்றது.

"தாங்குது மச்சான்."

"தெரியும். சீட்ட ஒட்டுங்க."

மேசையிலிருந்து பார்த்தால் சுடுமிடம் தெரியும். மச்சான் இரண்டு விரல்களைச் சேர்த்து விசையை இழுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் குழல் ஒரு பக்கமாக இழுபட்டது. குண்டுகள் இலக்கு அட்டையின் ஓரத்தைத்தான் தொட்டன.

போட்டி முடிந்ததும் தராசு எடையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வாசலில் நின்றார். மச்சான் துப்பாக்கி உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு எதிர்ப்பக்கத் தெருவில் திரும்பினார். கூப்பிடலாம் போலிருந்தது. கூப்பிட்டு எதைச் சொல்வது? துப்பாக்கி விதிப்படி இருக்கிறது என்பதை ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.