பின்னறைச் செம்பு

விளக்குவார் இல்லாமல் மங்கிப்போன பித்தளைச் செம்பு அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் எங்கள் ஆசிரியர் கலாசாலை விடுதியில், மாதத் துடக்கு வந்த பெண்கள் பின்னறையில் ஒதுங்கியிருந்து அதில்தான் தண்ணீர் குடிக்க வேண்டும். மற்றவர்கள் அதைத் தொடவே மாட்டார்கள்.

என் மச்சாள், மாமாவின் மகள், என்னோடு அங்கே படித்தாள். சரியான வாயாடி. ஆனால் முதற் பயிற்சிப் பாடத்தில், வளர்பிறை தேய்பிறையைச் சொல்லிக் கொடுக்கப் போனவளுக்குப் பாதியில் வாயடைத்துப் போயிற்று. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். பயிற்சிப் பள்ளி கோயில் வளவுக்குள் இருந்தது. துடக்கோடு அங்கே போகக்கூடாது. மச்சாள் அதைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த பாடம் வந்ததும் துடக்கென்று பின்னறைக்குள் போய்விட்டாள். அதற்கடுத்த பாடத்துக்கும் அதே கதைதான். முதலில் அவள் முகத்தில் நிம்மதி தெரிந்தது. போகப்போக எழும்பவே மனமில்லாமல் கிடந்தாள். தலை வாருவதில்லை, வைத்த சோறு வைத்தபடி காய்ந்தது. இந்தமுறையும் பாடம் எடுக்காவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று விடுதி அம்மா சொன்னபோதும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

அன்று பின்னேரம் உள்ளே போய் அவளோடு ஒட்டி இருந்தேன்.

"தொடாதை, மச்சாள்!"

"தொட்டுப்போட்டன். ஒரு மாதத்திலை உனக்கு எத்தினை தரமடி துடக்கு?"

சிரித்தாள். சிரிப்போடு அழுகையும் வந்தது. "வெளியிலை வரப் பயமாக் கிடக்கு. உள்ளுக்கை இருந்தால் இன்னும் பயமாக் கிடக்கு."

"எனக்கு அந்தத் தேய்பிறை இன்னும் விளங்கேல்லை. சொல்லித் தா" என்றேன். உண்மையிலேயே விளங்கவில்லைதான். அவள் எழும்பிச் செம்பைக் கையில் எடுத்து, "நீ பூமி, யன்னல் சூரியன்" என்று என்னைச் சுற்றி நடந்தாள். யன்னல் பக்கம் நின்றபோது செம்பு இருண்டு தெரிந்தது. நகர நகரக் கீற்றாய் வெளிச்சம் பிடித்து, எதிர்ப்பக்கம் போனதும் முழுநிலவாகி, திரும்பி யன்னலை நெருங்க நெருங்கத் தேய்ந்தது. நான் கைதட்டிவிட்டேன்.

அடுத்த பாடத்துக்கு அந்தத் துடக்குச் செம்பையே கோயில் வளவுக்குள் கொண்டுபோனாள், துணிந்தகட்டை! அன்றும் நடுவில் தடுமாறினாள்; ஆனாலும் சுற்றி முடித்தாள். மனச்சோர்வு அதோடு போய்விடவில்லை. ஒவ்வொரு பாடத்துக்கு முன்பும் கை குளிரும். குளிர்ந்த கையோடேயே போய் வந்தாள்.

கலாசாலையை விட்டு வரும்போது செம்பைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். இப்போது அது சாவகச்சேரியில் அவள் வீட்டில், புளி போட்டு விளக்கிப் பளபளவென்று இருக்கிறது. போன கிழமை அதில்தான் எனக்குத் தண்ணீர் தந்தாள்.

"அந்தப் பயம் இப்பவும் வாறதோ, மச்சாள்?" என்று கேட்டேன்.

"ஓம், வரும். வந்தால் ஒரு செம்பு தண்ணி குடுத்து அனுப்பிப்போட்டு, என்ரை வேலையைப் பாப்பன்."