தொலைக்காட்சிக்கு ஓர் அர்ச்சனை

இதை எழுதினால் அம்மாவைப் பார்த்துத் திரும்பவும் சிரிப்பார்களோ என்று பல வருடங்கள் தயங்கியிருந்தேன். நேற்று நான் கற்பூரம் காட்டும்போது, மகன் போட்டுப் பார்த்த பழைய வீடியோ டெக்கும் சூடாகி மணக்க, புலம்பெயர்ந்து வந்த புதிதில் லிட்கம் புறநகரில் நாங்கள் இருந்த வாடகை வீட்டுக் கராஜ் கண்முன் வந்து நின்றது. இப்போது அங்கே அடுக்குமாடி.

வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கராஜில் விளக்கேற்றி, தேவாரம் பாடி, கடலை கொறித்தபடி, அமெரிக்காவிலிருந்து மாமா பதிந்து அனுப்பும் கசெட்டைப் போடுவோம். அமெரிக்க முறையில் பதிந்தது என்பதால் அது எங்கள் டெக்கில் நிறமில்லாமல்தான் ஓடும். அங்கத்தைய ஒரு சின்னச் சனலில் வந்த தொடர்கள் அவை. கறுப்பினக் குடும்பங்கள் ஒரே சோபாவில் நெருக்கியிருந்து சண்டை பிடிக்கும், சிரிக்கும், கைகோத்து ஜெபித்துவிட்டுச் சாப்பிடும். இங்கே தொலைக்காட்சியில் எங்கள் நிறத்தில் ஒருவரும் வராத காலம்.

அந்தச் சனலை மூடப்போகிறார்கள் என்று மாமா சொன்னதும், அம்மா கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினா.

"ஆருக்கு அம்மா? பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார் ஐயர்.

"ஒரு ரீவிச் சனலுக்கு ஐயா. நட்சத்திரம் தெரியாது, சுவாமியின்ர பேரில செய்யுங்கோ."

பின்னால் நின்ற அன்ரி, "அப்ப எங்கட ஃபிரிட்ஜுக்கும் ஒண்டு செய்யுங்கோ ஐயா" என்றா. வரிசையே சிரித்தது.

அம்மா திரும்பினா. "வடிவாச் சிரியுங்கோ. என்ர பிள்ளையள் தங்கட நிறத்தில ஆக்களை ரீவியில கண்டது அதிலதான்."

சனலை மூடத்தான் மூடினார்கள். அர்ச்சனை வீண் என்று இன்றும் சொல்கிறார்கள். வீணில்லை. அது நன்றி; அந்த நன்றியை நாங்கள் வேறு எங்கே போய்ச் சொல்வது? இதை யாருக்காவது சொன்னால், ஃபிரிட்ஜ் பகிடியோடு நிறுத்தாதீர்கள். அம்மாவின் பதிலையும் ஒரு சொல் மாற்றாமல் சொல்லுங்கள்.