சாமி இல்லாத மலைக்கு ஒரு தேங்காய்

மலைப்பாதையில் கால் வைத்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, என் வலது ஷூவின் அடிப்பாகம் பிளந்து முதலை மாதிரி வாயைத் திறந்தது. தப்பு ஷூவின் மேல் இல்லை. அது கல்யாணத்துக்கு எடுத்த ஷூ. மலை ஏறுவதாக அது யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். என் மனைவி தனம் எங்கள் மகள் வள்ளியின் தலையிலிருந்த சிவப்பு ரிப்பனை அவிழ்த்து ஷூவைச் சுற்றிக் கட்டினாள். பூ முடிச்சு வேறு. மீதி மலையை அப்படித்தான் ஏறினேன்.

இலையுதிர்காலத்தில் மாண்ட்ரியலிலிருந்து போய் மலை ஏரிக்கு நடந்து ஏறுவது எப்படி என்று இந்த வலைப்பூவில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த முதல் மலையில் கற்றதுதான், அதனால் அதையே சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. மாண்ட்ரியலின் செயின்ட்-மிஷேல் பகுதிப் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். வீடு பார்க் எக்ஸ்டென்ஷனில், மூன்றாவது மாடி. வந்த முதல் குளிர்காலம் முழுக்க தனம் சன்னல் வழியாகத்தான் கனடாவைப் பார்த்தாள். செப்டம்பரில் சொல்லிவிட்டாள்:

"இன்னொரு குளிர் என்னால முடியாதுங்க. நானும் வள்ளியும் ஊருக்குப் போறோம். டிக்கெட் போடுங்க."

"ஒரே ஒரு மலையைப் பாத்துட்டுச் சொல்லு," என்றேன். "பழனி மாதிரி இருக்கும். பாத்த பிறகும் போகணும்னா, மறுநாளே டிக்கெட்."

பழனி என்று சொன்னது என் வாய்க்கொழுப்பு. தனம் குன்றின் மேல் இருக்கும் செயின்ட் ஜோசப் ஓரட்டரி தேவாலயத்தின் படிகளில் சனங்கள் முழங்காலால் ஏறுவதைப் பார்த்தவள். இந்த ஊர் மலைக்கு மேலும் யாரோ ஒரு சாமி உட்கார்ந்திருக்கிறார் என்றே முடிவு கட்டிவிட்டாள். கிரேக்க நாட்டுக்காரர் கடையில் ஒரு தேங்காய் வாங்கி வந்தாள். அது எதற்கு என்று நானும் கேட்கவில்லை.

அஹுன்ட்சிக்கில் இருந்த எஞ்சினியர் நடராஜன் சாரிடம் வழி கேட்கப் போனோம். படித்தவர், கார் வைத்திருப்பவர், மலையெல்லாம் தெரிந்தவர்.

"புடவையோடயா? அவங்களைக் கார்லயே சுத்திக் காமிச்சுக் கூட்டிட்டு வந்துடுங்க, கதிரேசன். நடக்கறதெல்லாம் வெள்ளைக்காரங்க பொழுதுபோக்கு."

"ஏன் சார், பேன்ட் போட்டவங்களை மட்டும்தான் அந்த மலை ஏத்துக்குமா?" என்றாள் தனம். "சதுரகிரிக்கு ரெண்டு தடவை போனவ சார் நான்." அதற்குமேல் அவர் வழியை மட்டும் சொன்னார்.

அக்டோபரில் வரும் தேங்ஸ்கிவிங் விடுமுறைத் திங்கட்கிழமை. காலை ஆறு மணிக்கு இரவல் வாங்கிய காரில் கிளம்பினோம். மோன் த்ரம்ப்ளான் பூங்கா வடக்கே சுமார் தொண்ணூறு மைல். அப்போது மைல் கணக்குதான். நெடுஞ்சாலையில் அங்கங்கே சுங்கச் சாவடி, ஒவ்வொன்றுக்கும் கால் டாலர் நாணயம். கூடையில் எறிய வேண்டும். நான் எறிந்தது ஒருமுறை கூடைக்கு வெளியே விழுந்தது. ஹாரன் சத்தத்துக்கு நடுவே இறங்கித் தேடினேன்.

பாதை தொடங்கும் இடத்தில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெரியவர் எங்களைப் பார்த்தார். தனத்தின் பின்கொசுவம் வைத்த புடவையையும், மேலே போட்டிருந்த என் ஸ்வெட்டரையும், கான்வாஸ் ஷூவையும் பார்த்தார். பாதை கஷ்டம், மதாமால் ஏரி வரைக்கும் போக முடியாது என்று பிரெஞ்சில் நிதானமாகச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். தனத்துக்குப் பிரெஞ்சில் இரண்டே சொல் தெரியும்.

"மெர்சி," என்று நன்றி சொல்லிவிட்டு அவரைத் தாண்டி நடந்தாள்.

ஏரி வரை இரண்டரை மைல், முழுக்க ஏற்றம். வேரும் பாறையுமான பாதை. ஈரச் சருகு வழுக்கும். மூன்று வயது வள்ளி என் தோளில். தனம் ஆடு மாதிரி முன்னால் போனாள். நான் ரிப்பன் ஷூவோடு பின்னால். தூக்குவாளியில் புளியோதரை இருந்தது. வள்ளிக்கு மட்டும்தான் கிடைத்தது. சாமி பார்க்காமல் பெரியவர்கள் சாப்பிடக் கூடாதாம்.

"ஒரு வாய் சாப்பிட்டுக்கறேனே, தனம். கண்ணு இருட்டுது."

"பழனியில இப்படிக் கேப்பீங்களா?"

"அப்பா, சீக்கிரம்!" என்று வள்ளி என் தலையில் தட்டினாள்.

பசியைவிட பயம்தான் அதிகம். மேலே ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஏமாற்றிக் கூட்டி வந்தேன் என்று அவள் நினைத்தால் மறுநாளே டிக்கெட். ஒவ்வொரு வளைவிலும் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன்; மூச்சுதான் வந்தது.

இரண்டு மணி நேரத்தில் மரங்கள் விலகின. கறுத்த, அசையாத தண்ணீர். எதிர்ப்பக்கத்து மலை அதில் தலைகீழாக நின்றது. தனம் கரையில் இருந்த பாறையை ஒருமுறை சுற்றி வந்தாள்.

"இங்க கோயில் இல்ல, தனம்," என்றேன். "ஏரி மட்டும்தான்."

"பாதி வழியிலேயே தெரிஞ்சிடுச்சு. ஒரு மணிச் சத்தம்கூடக் கேக்கலியே."

"அப்புறம் ஏன் ஏறின?"

"அந்தத் தொப்பிக்காரர் முடியாதுன்னாரே!"

ஷூவைக் கழற்றி அந்தக் குளிர்ந்த தண்ணீரில் காலை நனைத்தாள். பாறையில் ஒரே அடி. தேங்காய் சரிபாதியாக உடைந்தது. யாருக்கு உடைத்தாள் என்று கேட்டேன். "ஏறின காலுக்கு," என்றாள்.

அரை மணி கழித்துத் தொப்பிக்காரர் மேல்மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். தனம் ஒரு தேங்காய்ச் சில்லை நீட்டினாள். "மெர்சி, மதாம்," என்று தொப்பியை எடுத்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"என்னமோ சொல்ல வந்தீங்களே?" என்று தனம் என் பக்கம் திரும்பினாள்.

"பசிக்குது," என்றேன்.

இறங்கும்போது, பாதி வழியில், திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "வர்ற குளிருக்கு எனக்கு நல்ல பூட்ஸ் ஒண்ணு வேணும். வள்ளிக்கும்."

"வாங்கிட்டாப் போச்சு."

இனி போகிறவர்களுக்கு. இலை நிறம் பார்க்க வேண்டுமானால் செப்டம்பர் கடைசி வாரமே போங்கள். நாங்கள் போனபோது பாதி கொட்டிவிட்டது. சுங்கச் சாவடிகள் இப்போது இல்லை. பூங்கா அனுமதியை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். மதியம் மூன்றுக்குள் இறங்கத் தொடங்குங்கள், சட்டென்று இருட்டும். வயிற்றைக் காயப்போடாதீர்கள். கல்யாண ஷூ வேண்டாம். உங்களால் முடியாது என்று யாராவது சொன்னால் மெர்சி சொல்லிவிட்டு நடங்கள்.

அன்றைக்கு ஏரிக்கரையில் என் வாய்வரை வந்தது பசி அல்ல. 'போகாதே' என்ற ஒரே சொல்தான்.