உண்ணியின் முதுகு

அன்று என் தூரிகை தட்டிவிட்டது தூசியையா, தோலையா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கனடாவின் மொன்றியல் டவுன்டவுனில் ஓர் ஆய்வுகூடத்தில், ஆர்க்டிக் மண்ணில் வாழும் நுண்ணிய உண்ணிகளை இனம் பிரிக்கிறேன். மகளின் காய்ச்சலால் நித்திரையில்லாமல் வேலைக்குப் போன ஒரு நாள், புதிய இனமொன்றில் எங்களுக்குக் கிடைத்த ஒரேயொரு குஞ்சு உண்ணியின் முதுகில் ஒட்டியிருந்ததை அழுக்கென்று தட்டிவிட்டேன். சில இனக் குஞ்சுகள் தாம் கழற்றிய பழைய தோல்களை முதுகிலேயே சுமக்கும் என்பது பிறகுதான் உறைத்தது. ஆய்வுகூடத்தை நடத்தும் பேராசிரியரோ, எங்கள் இருவர் பெயரிலும் வரப்போகும் கட்டுரையில், வெறும் முதுகுதான் இந்த இனத்தின் அடையாளம் என்று எழுதிவிட்டார்.

கணவரிடம் சொன்னேன்.

"உண்ணிக்கும் முதுகு தேச்சு விட்டனீரோ?" என்று சிரித்தார். பிறகு, "சொன்னா உம்மட வேலை போகுமோ?" என்றார்.

"தெரியாதப்பா. சொல்லாட்டி அந்தப் பிழை என்ர பேரோட நிக்கும்."

கட்டுரை அடுத்த கிழமை அச்சுக்குப் போகிறது. வெறும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு அதை நிறுத்தச் சொல்லலாமா? இப்படித் தவித்தவர்கள் இருந்தால், தயவுசெய்து எழுதுங்கள்.